எட்டுப் பைக்கு என்று சொல்லி ஆறரைப் பைக்கு வந்த தோட்டம்

விசுவமடுவில் அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் காணி இருக்கிறது. செம்மண், நல்ல கிணறு, ஒரு பக்கம் கச்சான், மறுபக்கம் மிளகாய். அந்த வீட்டுப் பிள்ளை கிளிநொச்சி ரவுனில் காசு கொடுத்து எட்டுப் பிளாஸ்ரிக் பையும், மண்ணுக்குப் பதிலாகப் போட ஒரு கட்டி தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? சொன்னது. "காணி கிடக்கக் கிடக்க இவள் பையில கமம் செய்யிறாள்" என்று அம்மா மாமிக்குப் போனில் சொல்லிச் சிரித்தது, குசினியில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது.

ஆனால் விசுவமடு வேறு, நான் இருக்கிற இடம் வேறு. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். முற்றம் கீழே இருக்கிற வீட்டுக்காரருடையது. எங்களுடையது பத்தடி நீளம், நாலடி அகலமான ஒரு பல்கனியும், படி ஏறி வந்து முடிகிற இடத்தில் வானம் பார்த்த ஒரு சின்னத் தளமும்தான். நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2022 ஆனியில் அரசாங்கம் எங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் பெற்றோல் வரிசையில் நின்றேன். அந்தக் கடன் மனதில் கிடந்ததாலோ என்னவோ, இந்த வருடம் மாசி நடுப்பகுதியில், மழை விட்டு வெயில் வந்த ஒரு சனிக்கிழமை, ஏ9 வீதிக்கரையில் பச்சை வலை கட்டின ஒரு நேர்சரியில் இறங்கி "வீட்டுத்தோட்டப் பொதி" ஒன்று வாங்கினேன். விலை 4,800 ரூபாய். ஓட்டோக் கூலி தனி.

நேர்சரியின் பெயரை நான் இங்கே போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், வைத்திருக்கிற தம்பியோ நல்ல பெடியன். இப்படியான பொதிகள் இப்போது பல இடங்களில் விற்கிறார்கள், எங்கே வாங்கினாலும் பார்க்கவேண்டியது ஒன்றுதான்.

பொதிக்குள் இருந்தவை: வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பான பைகள் எட்டு. ஐந்து கிலோ தும்புச்சோற்றுக் கட்டி ஒன்று. பத்துக் கிலோ கூட்டெரு. மிளகாய்க் கண்டு நாலு, கத்தரி இரண்டு, தக்காளி இரண்டு. முளைக்கீரை விதையும் வெண்டி விதையும் ஒவ்வொரு பைக்கற். பைகளுக்குக் கீழே வைக்கப் பிளாஸ்ரிக் தட்டு எட்டு. ஒரு சின்ன மண்வெட்டி, அதன் பிடி இரண்டாம் கிழமை கழன்றுவிட்டது, இப்போது சோற்றுக் கரண்டிதான். கடைசியாக, நாலாக மடித்த ஒரு விளக்கத் தாள். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பையை முதலில் பாராட்டிவிடுகிறேன். முன்பு ஒருமுறை கறுப்புப் பொலித்தீன் பையில் கறிவேப்பிலைக் கண்டு வைத்து, ஒரு சித்திரை வெயிலுக்கே அது அப்பளம் மாதிரி நொறுங்கினது. இந்தப் பைகள் ஆறு மாதம் வெயிலில் நின்றும் ஒரு வெடிப்பு இல்லை. வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பதால் சூடு ஏறுவதும் குறைவு. மத்தியானம் கையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், வேர் வேகாது. இரண்டு குறை. ஓட்டை நாலே நாலு, அதுவும் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, அதனால் அடியில் தண்ணீர் தேங்கும். ஆணியைச் சுட்டு அடியில் ஆறு ஓட்டை போட்டேன். மற்றது, தூக்கப் பிடி இல்லை. பையை ஓரிடத்தில் வைத்தால் அங்கேயே இருக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஏன் தூக்கவேண்டி வரும் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

இனித் தும்புச்சோறு. தாளில் எழுதியிருந்தபடி பெரிய வாளியில் கட்டியைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இருபத்தைந்து லீற்றர் தண்ணீர் ஊற்றினேன். பார்க்க நல்ல விளையாட்டு. செங்கல் மாதிரி இருந்தது பின்னேரத்துக்குள் வாளியை மீறிப் பொங்கி நின்றது. மகள் வீடியோ எடுத்தாள். கூட்டெருவைக் கலந்து, பைகளில் நிரப்பி, பொழுது பட்டபிறகு கண்டுகளை வைத்தோம். நாலு நாள் நன்றாக நின்றன. ஆறாம் நாள் மிளகாய் இலைகளின் ஓரம் தீய்ந்தமாதிரி மண்ணிறமானது. வெயில் கூடிப்போச்சு என்று நினைத்துச் சாக்குக் கட்டி நிழல் கொடுத்தேன். தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். எட்டாம் நாள் இரண்டு கண்டு செத்துப்போனது.

அந்தக் கிழமை அம்மா வந்திருந்தா. பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்து, விரலில் வழிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தா. "உப்புக் கரிக்குது பிள்ளை. பூநகரிக் கிணத்துத் தண்ணி மாதிரிக் கிடக்கு."

விசயம் அதுதான். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைட்டும் இருக்கின்றன. தும்பெடுக்க மட்டையை ஊறவைக்கிற தண்ணீர் உவராக இருந்தால் உப்பு இன்னும் ஏறும். தும்பு எடுத்தபின் மிஞ்சுகிற சோற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வடியவிட்டு, காயவைத்து அமுக்கினால் கழுவிய கட்டி. கழுவாமல் அமுக்கினால் என் வீட்டுக்கு வந்த கட்டி. கழுவியதென்றால் பொதுவாக மேலுறையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். என்னுடைய கட்டியின் உறையில் ஐந்து கிலோ என்ற எடையும் ஒரு தென்னை மரத்தின் படமும் மட்டும்தான்.

நேர்சரித் தம்பிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்குக் குரல் பதிவு வந்தது. "ஓம் அக்கா, அது கழுவாத கட்டி. கழுவினதும் எங்களிட்ட இருக்கு, முன்னூற்றைம்பது ரூபா கூட. பொதிக்கு இதைத்தான் வைக்கிறனாங்கள்."

என் கோபம் இந்த இடத்தில்தான். பழகின கமக்காரன் கழுவாத கட்டியை வாங்கினால் அவனே கழுவிக்கொள்வான். அவன் பொதியும் வாங்கமாட்டான். பொதி வாங்குகிறவள் என்னைப்போல ஒன்றும் தெரியாமல் வருகிறவள். அவளுக்கென்று கட்டின பொதியில், விளக்கத் தாளில் கழுவச் சொல்லி ஒரு வரிகூட இல்லாமல், மலிவான கட்டியை வைப்பது எந்த நியாயம்? 4,800 ரூபாய் கொடுக்கிறவள் 5,150 கொடுக்கமாட்டாளா? நான் இதை அப்படியே அவரிடம் சொன்னேன். பெடியன் வாக்குவாதத்துக்கு வரவில்லை, அடுத்த நாள் செத்த இரண்டுக்குப் பதிலாக நாலு மிளகாய்க் கண்டு காசு வாங்காமல் தந்தார். அதற்காக அவருக்குப் புள்ளி போடத்தான் வேண்டும்.

எல்லாப் பையையும் கொட்டி, சோற்றை இரண்டு உரப்பைகளில் கட்டிப் படிக்கம்பியில் தொங்கவிட்டு மேலிருந்து தண்ணீர் ஊற்றினோம். முதல் ஊற்றில் சாயத்தண்ணி நிறத்தில் வழிந்தது. மூன்றாம் முறைதான் தெளிந்தது. கூட்டெருவும் அதோடு கழுவுண்டு போய்விட்டது, வேறு வாங்கினேன். மாசி என்றபடியால் தண்ணீர் இருந்தது. ஆடி ஆவணியில் இந்த வேலை வந்திருந்தால் வீட்டுக்காரர் எங்களை வீட்டைவிட்டு எழுப்பியிருப்பார்.

திரும்ப நிரப்பும்போதுதான் தலைப்பில் உள்ள கணக்கைக் கவனித்தேன். எட்டுப் பைக்குக் கலவை அளவாக வரும் என்று தாள் சொன்னது. நிரம்பினது ஆறரை. முதல்முறை எல்லாப் பையையும் முக்கால்வாசிக்கு நிரப்பினதால் தெரியவில்லை. ஐந்து கிலோக் கட்டி நன்றாகப் பொங்கினால் அறுபது, எழுபது லீற்றர் வரும். கூட்டெரு ஒரு இருபது லீற்றர் என்று வையுங்கள். இந்தப் பை ஒன்றுக்கு பதின்மூன்று லீற்றராவது வேண்டும். கூட்டிப் பார்க்க ஓ.எல். பரீட்சைக் கணக்குக்கூடத் தேவையில்லை. மிளகாய்க்குப் பத்து லீற்றர் இருந்தால் சமாளிக்கும், தக்காளிக்கும் கத்தரிக்கும் பதினைந்துக்குக் குறைந்தால் கண்டு வளரும், காய் குறையும். குறைத்து நிரப்புகிற ஒவ்வொரு அங்குலமும் பிறகு தண்ணீர் ஊற்றுகிற வேலையில் வந்து நிற்கும்.

குறைந்த ஒன்றரைப் பைக்கு அம்மாவின் செம்மண். என் கணவர் மோட்டார்சைக்கிளில் இரண்டு உரப்பையில் கொண்டுவந்தார். "மண் எண்டால் இதுதான் மண்" என்று அம்மாவே நிரப்பினா. விசுவமடுவில் அந்த மண்ணில் எது வைத்தாலும் வரும். பைக்குள் அதே மண் மூன்று கிழமையில் செங்கல் ஆனது. ஊற்றின தண்ணீர் மேலே குளமாக நின்று, பிறகு மண்ணுக்கும் பைக்கும் இடையிலான வெடிப்பால் வழிந்து ஓடியது. அதே நேரம் அடியில் சேறு. காணியில் மண்ணுக்குக் கீழே மண், அதற்குக் கீழேயும் மண். தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், புழுவும் வேரும் ஓட்டை போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு அடி உயரப் பையில் தண்ணீருக்குப் போக இடமில்லை. நனைந்த பஞ்சைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், வடிந்து முடிந்தபிறகும் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கும். பையின் அடியும் அப்படித்தான். விளக்கத் தாளில் "அடியில் இரண்டு அங்குலம் கல் போடவும்" என்று இருந்தது. அது பிழை. கல்லைப் போட்டால் அந்தச் சொதசொதப்பு கல்லுக்கு மேலே இரண்டு அங்குலம் ஏறி வேருக்கு இன்னும் கிட்ட வரும், அவ்வளவுதான். ஓட்டையை மறைக்க ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

பாரத்தையும் சொல்லவேண்டும். வீட்டுக்காரரிடம் நெல் நிறுக்கிற தராசு இருந்தது. தண்ணீர் ஊற்றினபிறகு தும்புச்சோற்றுப் பை ஒன்பது கிலோ, செம்மண் பை இருபத்திரண்டு. நிறுத்துக் காட்டினதும் அவர் எங்கள் பல்கனியின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்த பார்வை நல்லாய் இல்லை. செம்மண்ணைப் பாதியாகக் குறைத்து, கழுவின சோறு கலந்து, அந்தப் பையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டேன்.

இனி வெயில். நேர்சரியில் என்னிடம் ஒருவரும் "உங்கட பல்கனி எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்கவில்லை. என்ன நிறத் தட்டு வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எங்கள் பல்கனி தெற்குப் பார்த்தது. மாசி, பங்குனியில் நாள் முழுக்க வெயில், கண்டுகள் கிடுகிடுவென்று வந்தன. சித்திரை வருடப்பிறப்போடு வெயில் நின்றுவிட்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. வன்னியில் சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கமாகப் போய்விடும், ஆவணி முடிகிறபோதுதான் திரும்பவும் உச்சிக்கு வரும். அந்த நாலு மாதமும் கூரை போட்ட தெற்குப் பல்கனிக்கு நேர் வெயில் இல்லை. மிளகாய் நெடுத்து வெளிறிப்போனது. எல்லாவற்றையும் படித் தளத்துக்கு மாற்றினோம், பையைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு. பிடி இல்லாத குறை அன்றைக்குத்தான் தெரிந்தது.

தளத்தில் வெயில் இருந்தது, கூடவே சோளகமும் இருந்தது. வைகாசியில் தொடங்கின காற்று. காலையில் ஊற்றினால் பின்னேரம் இலை தொங்கும். தும்புச்சோறு மேலே காய்ந்தமாதிரித் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும், அதனால் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றவேண்டும். ஒருமுறை அப்படியே காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரைக் குடிக்காது, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கி ஓடும். பையோடு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் இறக்கி வைத்தால்தான் வழிக்கு வரும். ஒரு சனி ஞாயிறு விசுவமடுவில் நின்றுவிட்டு வந்தோம். அதற்குப்பிறகு பழுத்த தக்காளிகளின் அடியெல்லாம் கறுத்து அமுங்கியிருந்தன. நோய் இல்லை அது. தண்ணீர் ஒருநாள் நிறைய, ஒருநாள் இல்லை என்று போனால் காய்க்குக் கல்சியம் போய்ச் சேராது, அதனால் வருகிற நுனி அழுகல். மிஞ்சின நல்ல இரண்டையும் அணில் கொண்டுபோனது. தக்காளிக் கதை அதோடு சரி.

தட்டுகளைப் பற்றி: வாங்கினாலும் போடாதீர்கள். பைக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் நிற்கும், நின்றால் நுளம்பு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். பிஎச்ஐ ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கீழ் வீட்டுக்கு வந்தவர் மேலேயும் ஏறிவந்து, எட்டுத் தட்டையும் ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்த்தார். "பிள்ளை, அடுத்தமுறை வந்தால் வழக்கு எழுதுவன்" என்றார். தட்டுகளைக் கழுவி வடகம் காயப்போட எடுத்துக்கொண்டேன். பைகள் இப்போது இரண்டிரண்டு செங்கல்லின்மேல் நிற்கின்றன.

விதைகளில் முளைக்கீரை நாலாம் நாளே வந்தது. வெண்டி பத்துப் போட்டு மூன்று முளைத்தது. பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தால் பாவனைத் திகதிக்குமேல் விலை ஒட்டி இருந்தது. உரித்துப் பார்த்தேன், போன வருடம். வாங்கும்போது உரித்துப் பாருங்கள். கண்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை: தண்டு தடித்த, தட்டில் வளர்த்த, வேர் அறாமல் வருகிற கண்டு. மாற்றித் தந்தவற்றையும் சேர்த்து ஒன்றுகூடப் பிறகு சாகவில்லை.

முளைக்கீரைக்கு இந்தப் பொதி தேவையே இல்லை. சந்தையில் மீன் வருகிற றெஜிபோம் பெட்டி ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கி, நாற்றம் போக இரண்டு நாள் வெயிலில் வைத்து, அடியில் ஓட்டை போட்டு, அரையடிக்குக் கலவை நிரப்பி விதையைத் தூவினேன். இருபத்தைந்தாம் நாள் முதல் சுண்டல். அதை வெட்டி, திரும்பத் தூவி, இன்றைக்கு ஐந்தாம் முறை. மொத்தத்தில் எனக்கு இலாபம் தந்த ஒரே பொருள் அந்த மீன்பெட்டிதான். அம்மா அதைப் பார்த்து, "மெனிக்பாமில வைச்ச மாதிரி" என்றா. 2009 இல் செட்டிகுளத்தில், மெனிக்பாம் அகதி முகாமில், கூடாரத்துக்குப் பக்கத்தில் அம்மா ஒரு எண்ணெய்க் கானை வெட்டிக் கீரை வைத்திருந்தா. நான் மறந்துபோயிருந்தேன். அம்மாவும் அதற்குமேல் கதைக்கவில்லை, சுண்டலுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டா.

தாள் சொல்லாத இன்னொன்று பசளை. தும்புச்சோற்றில் சத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, அது ஈரத்தைப் பிடித்து வைக்கிற பாயைப் போல. கூட்டெருவின் சத்து ஆறு கிழமையில் முடிந்துவிடும், நீங்கள் ஊற்றுகிற தண்ணீரோடு வழிந்தும் போகும். அடி இலைகள் மஞ்சளாகினபோது அல்பேட் கலவை (தண்ணீரில் கரைக்கிற பசளை) வாங்கி, உறையில் சொன்னதைவிட ஐதாகக் கரைத்து, கிழமைக்கு ஒருமுறை ஊற்றத் தொடங்கினேன். மாட்டுச் சாணமும் கரைத்து ஊற்றிப் பார்த்தேன், மேல்மாடிக்கு அது சரிவராது, கீழே இருந்து சத்தம் வந்தது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது பேன். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் கலந்து இலையின் அடியில் அடித்தேன், இரண்டு கிழமையில் புதுக் கொழுந்து நேராக வந்தது.

காசுக் கணக்கு கேட்பீர்கள். மகள் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள்: ஆறு மிளகாயிலும் சேர்த்து இதுவரை மூன்றேகால் கிலோ, கத்தரிக்காய் நாலு கிலோவுக்குக் கிட்ட, தக்காளி சொல்லக் கூடாது. பொதி, ஓட்டோ, இரண்டாம் கூட்டெரு, அல்பேட் எல்லாம் சேர்த்தால் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. பச்சை மிளகாய் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற நாட்கள் திரும்பவும் வந்தால் ஒழிய, முதல் வருடத்தில் போட்ட காசு திரும்பாது. பை அடுத்த வருடமும் இருக்கும், கழுவின சோறும் இருக்கும், அப்போது பார்ப்போம். ஆனால் சம்பலுக்கு மூன்று மிளகாய் வேண்டுமென்றால் கடைக்கு ஆள் அனுப்பாமல் கதவைத் திறந்து பிடுங்குகிறேன். அதற்கு விலை போடத் தெரியவில்லை.

பைக்கும் கண்டுக்கும் ஐந்துக்கு நாலரை. இரவு ஒன்பது மணிக்கும் பதில் சொல்கிற தம்பிக்கு நாலு. கட்டிக்கும் தாளுக்கும் ஒன்று, அதுவும் கட்டி பொங்கினதைப் பார்த்து மகள் சிரித்ததற்காக.

புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன்னம் திரும்பப் போவேன். பொதி வேண்டாம். நாலு பை, கழுவின கட்டி ஒன்று, தின்னவேலிக் கத்தரிக் கண்டு இருந்தால் இரண்டு, கறிமிளகாய் இரண்டு. இதை அம்மாவிடம் சொன்னபோது தனக்கும் ஆறு பை வாங்கிவரச் சொன்னா. மயில் இந்தமுறை கொத்தின கொத்தில் மிளகாய் நாற்றை விறாந்தைக்குக் கொண்டுவரப் போறாவாம். வெறும் பை போதுமாம், மண் தன்னிடம் இருக்காம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.